வயலின்காரங்க கம்பி முறுக்குறாங்களா என்ன?

ரிகர்சல் பிரேக்ல கத்தியும் கையுமா உக்காந்திருந்தப்ப ஒரு வயலின்காரர் என்கிட்ட கேட்டது இது. "எப்பப் பாத்தாலும் அந்தக் குச்சியைச் சுரண்டிக்கிட்டே இருக்கீங்களே, கடையில விக்கிறாங்கள்ல, வாங்கி மாட்டிக்கிட்டு வாசிக்க வேண்டியதுதானே? நாங்க யாராச்சும் கம்பி முறுக்கிட்டா உக்காந்திருக்கோம்?" கிண்டலாத்தான் கேட்டார். குச்சின்னு அவர் சொன்னது ரீட்டை, ஓபோங்கற மேற்கத்திய ஊதுகுழலோட வாயில மாட்டி ஊதற நாணல் துண்டை. நானும் ஓபோக்காரங்க வழக்கமா சொல்ற பதிலைச் சொல்லிட்டேன்: ஒவ்வொருத்தர் வாயும் வேற, ஒவ்வொரு கேனும் (ரீட் செய்யற நாணல்) வேற, அதனால அவங்கவங்களேதான் செஞ்சுக்கணும். அவர் தலையாட்டிட்டு காபி குடிக்கப் போயிட்டார். எனக்குத்தான் அந்தப் பதில் தொண்டையில மாட்டிக்கிச்சு. என் டீச்சர் எனக்குச் சொன்னது அது, அவருக்கு அவரோட டீச்சர் சொல்லியிருப்பார், நான் அதை ஒருதடவை கூட நிஜமாவான்னு யோசிச்சுப் பாத்ததில்லைன்னு அப்பத்தான் உறைச்சுது.

ஏன்னா நியாயமா பாத்தா இது ரொம்ப விசித்திரமான ஏற்பாடு. பியானோ வாசிக்கிறவங்க ட்யூனிங்கைக் கூட வேற ஆளுகிட்ட விட்டுடறாங்க. கிளாரினெட், சாக்ஸ் ஆளுங்க டப்பா டப்பாவா ரீட் வாங்கி, தேறுறதை எடுத்து, மிஞ்சிப் போனா அங்கங்க ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வாசிக்கப் போயிடறாங்க. பசூன்காரங்களும் நாங்களும் மட்டும்தான் தச்சு வேலைக்காரங்க மாதிரி பாதி வாழ்க்கையை மேஜை விளக்குக்குக் கீழ ஓட்டறோம். இசைக் கல்லூரிகள்ல இதுக்குத் தனி வகுப்பே இருக்கு. அப்ப இது நிஜமாவே தேவையா, இல்ல நாங்க கஷ்டப்பட்டோம் நீயும் படுன்னு கைமாத்தி விடற ஒரு சடங்கா? இந்தச் சந்தேகம் வந்ததுக்கப்புறம் ரீட் செய்யற ஒவ்வொரு ஸ்டெப்பையும் இதை யார் செஞ்சா என்னன்னு கேட்டுக்கிட்டே பண்ண ஆரம்பிச்சேன். அந்தக் கேள்வியோட பாத்தா எல்லாமே கொஞ்சம் வேற மாதிரி தெரிஞ்சுது.

நாதஸ்வரச் சீவாளியைக் கையில எடுத்துப் பாத்தவங்களுக்கு ஓபோ ரீட் என்னன்னு நான் விளக்க வேண்டியதில்ல. ரெண்டு மெல்லிய நாணல் தகடு முகத்தோட முகம் வச்சு ஒரு சின்ன உலோகக் குழாய்ல நூலால கட்டியிருக்கும், நடுவுல ஒரு கீறல் அளவு வாய், அவ்வளவுதான். அந்தக் குழாய்க்குப் பேரு ஸ்டேப்பிள், பொதுவா 47 மில்லிமீட்டர் நீளம், அடியில கார்க். கருங்காலி மாதிரி கெட்டி மரத்துல கடைஞ்சு, அத்தனை சாவி வச்சு, வருஷக்கணக்கா உழைக்கிற ஒரு வாத்தியம், கடைசியில சில மணி நேரம் வாசிச்சா செத்துப் போற இந்தத் துண்டு நாணலை நம்பி நிக்குது.

கேன் கட்டத்துல

நாணல் அருண்டோ டோனாக்ஸ்ங்கற வகை. உலகத்துல நிறைய இடத்துல களையா மண்டிக் கிடக்கு, ஆனா வாத்தியத்துக்குன்னு ரொம்ப காலமா பேர் வாங்குனது தெற்கு ஃபிரான்ஸ்ல மத்தியதரைக் கடலோரமா இருக்கற வார் பகுதிதான். ரெண்டு வருஷம் போல வளர்ந்த தண்டைக் குளிர்காலத்துல வெட்டி, மாசக்கணக்கா காய வச்சு, வெயில்ல திருப்பித் திருப்பிப் போட்டு பொன்னிறமாக்கி அனுப்புவாங்க. ஓபோவுக்கு வேண்டியது மெலிசுத் தண்டு, குறுக்களவு 10-ல இருந்து 10.5 மில்லிமீட்டர் வரைக்கும் பெரும்பாலானவங்க வாங்கறாங்க. தண்டு மெலிசா இருந்தா வளைவு கூடும், வளைவு கூடுனா ரீட்டோட வாய் பெருசா திறந்து நிக்கும். தண்டு பருமனா போனா வாய் மூடிக்கும். குளிர் நாள்ல ஒரு அளவு, புழுக்கமான நாள்ல ஒரு அளவுன்னு மாத்தி எடுக்கறவங்க கூட இருக்காங்க.

தண்டை மூணா பிளக்கணும். அதுக்கு அம்பு முனை மாதிரி மூணு அலகு வச்ச ஒரு கருவி இருக்கு, தண்டோட ஒரு முனையில வச்சு நேரா தள்ளினா மூணு துண்டா விழும். அதுல நேரா இருக்கறதை மட்டும் எடுத்துக்கணும், கண்ணாடி மேல வச்சுப் பாத்தா அடியில வெளிச்சம் தெரியற துண்டெல்லாம் குப்பை. குப்பைக்குப் போறதுதான் ஜாஸ்தி. மிச்சத்தை நீளத்துக்கு நறுக்கி, ஊற வச்சு, கௌஜிங் மெஷின்ல போட்டு உட்பக்கத்தைச் சீவணும். மெஷின்னா கரண்ட்ல ஓடறதில்ல, தண்டவாளம் மாதிரி ஒரு கம்பியில முன்னும் பின்னும் ஓடற வளைஞ்ச அலகு, சுருள் சுருளா சீவல் வரும். நடுவுல 0.58-ல இருந்து 0.60 மில்லிமீட்டர் கனம் வர்ற வரைக்கும் சீவுவாங்க, ஓரம் அதைவிட மெலிசு. ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குக்காக மணிக்கணக்கா சண்டை போடற கூட்டம் எங்க கூட்டம்.

அதுல சண்டை போட விஷயம் இல்லாம இல்ல. நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள கன வித்தியாசம்தான் பின்னாடி ரீட் எவ்வளவு விறைப்பா நிக்கும், எப்படித் திறக்கும்ங்கறதை முக்கால்வாசி தீர்மானிக்குது. கௌஜ் கெட்டுப் போன கேனைப் பின்னாடி எந்தக் கத்தியாலயும் காப்பாத்த முடியாது. ஆனா கவனிங்க, இதுல வாசிக்கிற ஆளோட வாய்க்கு வேலையே இல்ல. மைக்ரோமீட்டர் வச்சுப் பாத்தா போதும். அலகை நல்லா செட் பண்ணத் தெரிஞ்ச ஒருத்தர் ஊருக்கே சீவித் தரலாம், தர்றாங்க, அதை வாங்கறதுல எந்தக் கேவலமும் இல்ல. சொந்தமா கௌஜர் வச்சிருக்கறதை ஒரு அந்தஸ்தா நெனச்சுக்கற பழக்கம் எங்க ஆளுங்ககிட்ட இருக்கு, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. அலகு ஒரு மயிரிழை நகர்ந்தா மாசக்கணக்கா மோசமான கேன் வரும், அது கேனோட கோளாறா தன்னோட கோளாறான்னு தெரியாம அந்த ஆள் புலம்பிக்கிட்டு இருப்பார்.

அடுத்தது ஷேப்பிங். கௌஜ் பண்ண கேனை மறுபடி ஊற வச்சு, நடுவுல லேசா கீறி, ரெண்டா மடிச்சு, ஷேப்பர் டிப்ங்கற இரும்பு அச்சு மேல பிடிச்சு வச்சு, ப்ளேடால ரெண்டு பக்கமும் ஓரத்தை இழுத்து வெட்டணும். நின்னு நின்னு வெட்டுனா ஓரத்துல பிசிறு விழும், அந்தப் பிசிறு வழியா காத்து ஒழுகும். மேல அகலமா கீழ குறுகி வர்ற அந்த உருவம் ஸ்ருதியை நிறையவே பாதிக்கும், அகல அச்சுல வெட்டுனது ஸ்ருதி இறங்கி நிக்கும், குறுகலானது ஏறி நிக்கும். இதுலயும் வாய்க்கு வேலை இல்ல. அச்சுக்கு நம்பர் இருக்கு, பிடிச்ச நம்பரைச் சொன்னா வெட்டியே அனுப்புவாங்க.

கட்டறது கொஞ்சம் வேற ரகம். ஸ்டேப்பிளை மாண்ட்ரல்ங்கற பிடிக்கம்பியில செருகி, மடிச்ச கேனை அது மேல உக்கார வச்சு, அடியில இருந்து கேனோட நுனி வரைக்கும் பொதுவா 72 மில்லிமீட்டர்னு அளந்து, தேன்மெழுகு தடவுன நைலான் நூலை இறுக்கி இழுத்துச் சுத்தணும். நூல் ஸ்டேப்பிளோட மேல் விளிம்புல சரியா முடியணும். அதைத் தாண்டி ஒரு சுத்து மேல போனாலும் அந்த இடத்துல கேனை நூல் கழுத்தை நெரிச்ச மாதிரி பிடிச்சுக்கும், ரீட் அதிராது. கீழயே நின்னுட்டா அடியில பிடிப்பு இல்லாம ஸ்ருதி ஆடும். விளிம்புக்கு ஒண்ணு ரெண்டு சுத்து இருக்கும்போதே ரெண்டு பக்க ஓரமும் மூடிக்கணும், அப்படி மூடலைன்னா கேன் வச்ச இடம் தப்பு, அவுத்துட்டு மறுபடி. நிறையப் பேர் ரெண்டு தகடையும் நேருக்கு நேரா விடாம, ஒண்ணை ரொம்ப ரொம்ப லேசா பக்கவாட்டுல நகத்திக் கட்டுவாங்க, ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நல்லா அடைக்கும்னு. முடிச்சதும் அடிப்பக்கத்தை விரலால அடைச்சுட்டு ஊதிப் பாத்தா எங்கயாச்சும் ஒழுகுதான்னு தெரிஞ்சுடும். ஒழுகினா மேல மெல்லிசா சவ்வு சுத்துவாங்க, முன்னாடி மாட்டுக் குடல் சவ்வு, அதுக்கு மீன் தோல்னு ஏனோ ஒரு பேரு. இப்ப குழாய் ரிப்பேர்க்காரங்க சுத்தற வெள்ளை டேப்பே போதும்.

எனக்குக் கட்டறது பிடிக்கும். சாயந்தரம் பாட்டைப் போட்டுட்டு வரிசையா கட்டி வைக்கலாம், யோசனையே வேண்டாம். ஆனா பிடிக்கறது வேற, தேவை வேற. ப்ளாங்க், அதாவது கட்டி முடிச்சு இன்னும் சுரண்டாத ரீட், அதுவும் விலைக்குக் கிடைக்குது, நல்லாவே இருக்கு. இதுவரைக்கும் அந்த வயலின்காரர் சொன்னதுதான் சரி.

கத்தி

இங்கதான் எனக்குக் குழப்பம் ஆரம்பிச்சுது. இனிமே எல்லாமே கத்தி, சாணைக்கல், ரீட்டோட ரெண்டு நாணல் அலகுக்கும் நடுவுல செருகற மெல்லிசு உலோகத் தகடு, நுனி வெட்டறதுக்கு ஒரு கட்டை, அப்புறம் ஒரு நல்ல விளக்கு. சாமான் இவ்வளவுதான். இதுல நான் பெருசா மதிக்கறது சாணைக்கல்லை. கத்தி நல்ல கத்தியாங்கறது ரெண்டாவது விஷயம், கூரா இருக்கா இல்லையாங்கறதுதான் முதல்ல. இந்த நாணலோட மேல்தோல்ல சிலிக்கா இருக்கு, மணல்ல இருக்கற அதே சரக்கு, அதனால கொஞ்ச நேரம் சுரண்டினாலே முனை மழுங்கிடும். மழுங்கின கத்தி நாரை வெட்டாது, பிச்சு எடுக்கும். வெட்டலையேன்னு நாம இன்னும் அழுத்துவோம், அழுத்துனா கனம் எங்க எவ்வளவு போகுதுங்கற கட்டுப்பாடு போயிடும், கடைசியில நுனி ஓரத்துல ஒரு வெடிப்பு. நான் பாத்த வரைக்கும் ரீட் செய்ய வரலைன்னு அழறவங்கள்ல பாதிப் பேருக்கு வராதது சாணை பிடிக்கறதுதான். கல்லுல தேய்ச்சப்புறம் முனையில கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்பு நிக்கும், நகத்து மேல வச்சு இழுத்தா தெரியும். சுரண்டறது அந்த மடிப்புதான். ஒரு ரீட் முடியறதுக்குள்ள அதை ரெண்டு மூணு வாட்டி புதுப்பிக்கணும்.

பிடிக்கற விதம்: இடது கையில மாண்ட்ரலோட ரீட், வலது கையில கத்தி, இடது கட்டை விரல் கத்தியோட முதுகுல முட்டுக் கொடுக்கும். கையை இழுக்கக் கூடாது, மணிக்கட்டைத் திருப்பணும். சீவல்னு சொல்றதே தப்பு, வர்றது தூசுதான்.

எங்க எவ்வளவு சுரண்டறதுங்கறதுல உலகம் ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. ஐரோப்பாவுல பெரும்பாலும் ஷார்ட் ஸ்க்ரேப், நுனியில இருந்து பத்துப் பன்னெண்டு மில்லிமீட்டர் வரைக்கும்தான் பட்டை எடுப்பாங்க, அதுக்குக் கீழ பளபளன்னு தோல் அப்படியே இருக்கும். அமெரிக்காவுல லாங் ஸ்க்ரேப், கிட்டத்தட்ட நூல் வரைக்கும் எடுப்பாங்க. நுனி ரொம்ப மெலிசு, அதுக்குக் கீழ ஹார்ட்டுன்னு கனமான ஒரு பகுதி, அதுக்கும் கீழ முதுகுப் பகுதியில ரெண்டு ஜன்னல், ஜன்னலுக்கு நடுவுல தண்டுவடம் மாதிரி ஒரு பட்டைக் கோடு, ரெண்டு ஓரத்துலயும் தண்டவாளம் மாதிரி பட்டை. இந்த ரெண்டாவது முறைக்கு மூலகாரணம்னு எல்லாரும் கை காட்டறது மார்செல் டபுட்டோவை. பாரிஸ்ல ஜார்ஜ் ஜில்லேகிட்ட படிச்ச ஃபிரெஞ்சுக்காரர், அமெரிக்கா போய் 1915-ல இருந்து 1954 வரைக்கும் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவுல முதல் ஓபோ, கூடவே கர்ட்டிஸ் இன்ஸ்டிட்யூட்ல வாத்தியார். ஜான் டி லான்சி, ஜான் மேக் மாதிரி அவர்கிட்ட படிச்சவங்க நாடு முழுக்கப் பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள்ல உக்காந்தாங்க, அவங்க சிஷ்யங்க அடுத்து உக்காந்தாங்க, அப்படியே ஒரு நாடு பூரா ஒரே மாதிரி சுரண்ட ஆரம்பிச்சுது.

ரெண்டு பக்கமும் அதே நாணல், கிட்டத்தட்ட அதே கௌஜ், அதே கத்தி. அந்தப் பக்கத்து ஆளுங்க சத்தம் இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு மெலிசாவும் கூச்சலாவும் படும், இந்தப் பக்கத்துச் சத்தம் அவங்களுக்கு மூடி போட்ட மாதிரி படும். ரெண்டு பேருமே பிரமாதமா வாசிக்கறாங்க. அப்ப சரியான ரீட்டுன்னு கேனுக்குள்ள ஒளிஞ்சிருந்து நாம தோண்டி எடுக்கறதா எதுவும் கிடையாது. இது எனக்குப் புத்தகத்துல படிச்ச அறிவா ரொம்ப நாளா இருந்துச்சு, அவ்வளவுதான்.

அந்த இடைவேளை

ஒரு கச்சேரிக்கு எனக்குப் பக்கத்துல ரெண்டாவது ஓபோவா உக்காந்தவர் என்னைவிட வயசுல ரொம்ப மூத்தவர். அவரோட ரீட்டைப் பாத்தா எங்க ஸ்கூல் ஆளுங்க முகம் சுளிப்பாங்க, ஜன்னல் ஒருபக்கம் பெருசு ஒருபக்கம் சின்னது, ஹார்ட் கோணலா இருக்கும். சத்தம் மட்டும் வெண்ணெய். நான் பொறாமையை அடக்க முடியாம, சார் ஒரே ஒரு தடவை உங்க ரீட்டை என் ஓபோவுல போட்டுப் பாக்கவான்னு கேட்டுட்டேன். ஓபோக்காரங்ககிட்ட இது சாதாரணமா கேக்கற கேள்வி இல்ல, பல் தேய்க்கற பிரஷ்ஷைக் கடன் கேக்கற மாதிரி. அவர் சிரிச்சுட்டு மவுத்வாஷ் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

ஊதினேன். ஒண்ணுமே வரல. சுவத்துல வாய் வச்சு ஊதின மாதிரி, கீழ் ஸ்தாயி எழும்பவே இல்ல, மேல போனா ஸ்ருதி தொங்குது. என் ரீட்டை அவர் அவரோட ஓபோவுல போட்டு ஊதினார், பட்டம் பறக்க விடற காகிதம் மாதிரி படபடன்னு அடிச்சுது. "இதுலயா நீ வாசிக்கற?"ன்னு நிஜமாவே ஆச்சரியமா கேட்டார். உடனே ரெண்டு பேருக்கும் சந்தேகம், வாத்தியத்தோட வித்தியாசமா இருக்குமோன்னு. வாத்தியத்தை மாத்தினோம். அப்பவும் அவரோட ரீட் அவர் வாயில பாடுது, என் வாயில ஊமை. க்ரோ பாத்தோம், அதாவது உதட்டை நூல் வரைக்கும் உள்ள விட்டு ரீட்டை மட்டும் தனியா ஊதறது. லாங் ஸ்க்ரேப்ல நல்ல ரீட்டுன்னா ரெண்டு ஸ்தாயியிலயும் ஸிங்கற ஸ்வரம் கேக்கணும்னு ஒரு கணக்கு. ரெண்டு ரீட்டுமே அழகா ஸி கொடுத்துச்சு, யார் ஊதினாலும். அவர்கிட்ட அலகோட கனம் பாக்கற டயல் கேஜ் இருந்துச்சு, அதுலயும் வச்சுப் பாத்தோம். நுனி, ஹார்ட், முதுகு எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணு. கோணல்தான் வேற வேற.

எனக்கு முக்கியமா பட்டது இதுக்கப்புறம் நடந்ததுதான். அவர் பெட்டியில இருந்து பாதி முடிச்ச ரீட் ஒண்ணை எடுத்து, "உனக்கு ஆகற மாதிரி நானே இதை முடிச்சுத் தரேன் பாரு"ன்னு கத்தியை எடுத்தார். நான் ஊதுவேன், அவர் கேப்பார், வாங்கிச் சுரண்டுவார், திருப்பித் தருவார். எத்தனையோ வருஷ அனுபவம், காது கத்தியைவிடக் கூர்மை. ஒவ்வொரு இழுப்புக்கும் சத்தம் நல்லாத்தான் ஆச்சு. ஆனா எனக்கு ஊதறது நல்லா ஆகல. வெளிய கேக்கற சத்தம் சரியா வர வர எனக்கு உள்ள வலி கூடிக்கிட்டே போகுது, அந்தச் சத்தத்துக்காக நான் தாடையை எவ்வளவு இறுக்கறேன், எவ்வளவு காத்தைத் தள்ளறேங்கறது அவருக்குக் கேக்காதே. "இப்ப எப்படி இருக்கு?" "சத்தம் நல்லாருக்கு சார், ஆனா..." அந்த ஆனாவுக்கு அப்புறம் என்னால விளக்க முடியல. உதட்டுல ஒரு இடத்துல தடுக்குதுன்னு சொல்லலாம், எந்த இடம்னு சொல்ல வாய்ல வார்த்தை இல்ல. கொஞ்ச நேரம் பாத்துட்டு கத்தியை என் கையில கொடுத்துட்டார். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். நீயே பாரு."

நான் ஊதினேன், முதுகுல இடது ஜன்னல் ஓரத்துல கை தானா போச்சு. ஏன் அங்கன்னு அப்பவும் சொல்லத் தெரியல. லேசா ரெண்டு இழுப்பு, ஊதி, இன்னும் ஒண்ணு, ஊதி, நுனியோட ஓரத்துல கொஞ்சம். திறந்துக்கிச்சு. அவர் பாத்துக்கிட்டே இருந்துட்டு, "நான் அங்க தொட்டே இருக்க மாட்டேன்"னார்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போற வழி முழுக்க அந்த வயலின்காரர் கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொருத்தர் வாயும் வேறன்னு சொல்றோமே, அது உண்மைதான், ஆனா அது காரணம் ஆகாது. ஒவ்வொருத்தர் காலும் வேற, அதுக்காக எல்லாரும் செருப்பு தைக்கறதில்ல, அளவு கொடுத்தா போதும். ரீட்டுல கொடுக்கறதுக்கு அளவு கிடையாதுங்கறதுதான் விஷயம். கனம் அளக்கலாம், நீளம் அளக்கலாம், க்ரோவை ட்யூனர்ல பாக்கலாம், சத்தத்தை வெளியில உள்ளவங்க கேக்கலாம். எதிர்ப்பு, அதாவது காத்தை எவ்வளவு தள்ளினா அது எந்தக் கணத்துல ஒத்துக்குதுங்கறது, ஊதறவங்க உதட்டுல மட்டும்தான் இருக்கு. அதை உணர்ற ஆளும் கத்தி பிடிக்கற ஆளும் ஒண்ணா இருந்தா ஊது, சுரண்டு, ஊதுன்னு போய்க்கிட்டே இருக்கலாம். ரெண்டு ஆளா பிரிச்சா நடுவுல பேச்சு வந்துடுது, பேச்சு வந்த இடத்துல பாதி விஷயம் கொட்டிப் போயிடுது.

அதனால அந்தக் கேள்விக்கு என் பதில் இப்ப ரெண்டா உடைஞ்சு போச்சு. தண்டு பிளக்கறதுல இருந்து நூல் கட்டறது வரைக்கும் யார் செஞ்சாலும் ஒண்ணுதான், வாங்கிக்கங்க. அதுக்கப்புறம் உள்ளதை யாரும் நமக்காகச் செஞ்சு தர முடியாது. கையால செஞ்ச ரீட்டுன்னு விக்கறாங்களே அது கூட நல்லா பாத்தா விக்கிறவர் வாயில முடிஞ்ச ரீட்தான், நல்ல விற்பனையாளருங்க கொஞ்சம் கனம் விட்டு வச்சே அனுப்புவாங்க, மிச்சத்தை நீ எடுத்துக்கோன்னு.

முடியறதே இல்ல

இன்னொண்ணு, முடிஞ்ச ரீட்டுன்னு ஒண்ணு நிஜமா இருந்தா இவ்வளவு பேச வேண்டியதில்ல. இன்னிக்குச் சரியா வச்ச ரீட் நாளைக்கு ஊற வச்சா திறப்பு மாறியிருக்கும், நனைஞ்சு காய்ஞ்சு நனைஞ்சு நாருக்கு நடுவுல உள்ள மெத்துப் பகுதி அமுங்கிப் போகும். அதனாலதான் ஒரே உட்காரல்ல முடிக்காம, மூணு நாலு நாளைக்குப் பரப்பி, தினம் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கச் சொல்றாங்க. முதல் நாளே ஆசைப்பட்டு பூரா எடுத்துட்டா மூணாம் நாள் அது தொங்கிப் போய் நிக்கும். காத்துல ஈரம் மாறினா மாறும், மேடான ஊருக்குக் கச்சேரிக்குப் போனா காத்து லேசா இருக்கறதால நேத்து வரைக்கும் பாடினது விறைச்சுக்கும், அங்க போய்த்தான் எடுக்கணும். விமானத்துல கத்தியைக் கையோட கொண்டு போக விட மாட்டாங்க, செக்-இன் பெட்டியில போட்டுட்டு, பெட்டி வர்ற வரைக்கும் நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கற ஓபோக்காரங்களை எந்த ஏர்போர்ட்லயும் கண்டுபிடிச்சுடலாம். வயலின் கம்பியும் தேயும், ஸ்ருதி இறங்கும், ஆனா அதை அவங்க முறுக்காணியிலயும் வில்லுலயும் சமாளிச்சுக்கறாங்க. எங்க வில்லு உதட்டுக்குள்ள இருக்கு, முறுக்காணின்னு பாத்தா கத்திதான்.

இங்க ஒரு முள்ளு இருக்கு, மறைக்க விரும்பல. லெஜேர் மாதிரி கம்பெனிங்க சிந்தெட்டிக் ஓபோ ரீட் விக்கறாங்க. சில கனங்கள்ல வருது, சுரண்டவே வேண்டாம், ஊற வைக்க வேண்டாம், பெட்டியில இருந்து எடுத்து மாட்டினா அதேதான் நேத்தும், அதேதான் நாளைக்கும். ரெண்டு மூணு வாத்தியம் மாத்தி மாத்தி வாசிக்கற தியேட்டர் ஆளுங்க, வெளியில வெயில்ல வாசிக்கறவங்க நிறையப் பேர் அதுக்குப் போயிட்டாங்க, நல்லாவே வாசிக்கறாங்க. என் உதட்டுத் தத்துவம் சரின்னா அவங்களால எப்படி முடியுது? எனக்குத் தோணறது, ரீட் மாறாம நின்னுட்டா வாய் அதுக்குத் தக்கபடி மாறிக்குது, வயலின்காரர் கை கம்பிக்குப் பழகற மாதிரி. அப்ப நாங்க சுரண்டறதுக்குக் காரணம் எங்க வாயா, இல்ல நாளுக்கொரு புத்தி வச்சிருக்கற இந்த நாணலா? நான் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். வாசிக்கும்போது ஸ்ருதியில ஒரு குறையும் இல்ல, ஆனா ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்குப் போகும்போது வர்ற அந்தச் சின்ன இழுப்பு எனக்கு அதுல கிடைக்க மாட்டேங்குது. அது பிளாஸ்டிக் பண்ற கோளாறா, இவ்வளவு வருஷம் கத்தி பிடிச்ச ஆளோட பிடிவாதமான்னு எதிராளி கேட்டா நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஆனா சொல்லிக் கொடுக்கற வரிசை மட்டும் தலைகீழா இருக்குன்னு இப்ப உறுதியா நம்பறேன். வழக்கமா ஆரம்பிக்கறவங்களை முதல்ல நூல் கட்ட வைப்பாங்க, அப்புறம் மெதுவா சுரண்ட, கடைசியிலதான் ரீட்டைச் சரி பண்ண. பாதிப் பேர் நூல்லயே நின்னுடறாங்க. என்கிட்ட வந்து கேக்கறவங்களுக்கு நான் சொல்றது: ஒரு கத்தி, ஒரு கல்லு, ஒரு தகடு, ஒரு மாண்ட்ரல், ஒரு கட்டை வாங்குங்க. சாணை பிடிக்கக் கத்துக்கங்க. அப்புறம் கடையில சுமாரான ரீட்டா நாலு வாங்கி அதைத் திருத்தப் பாருங்க. க்ரோ ஸிக்குக் கீழ நின்னா நுனியில மயிரிழை வெட்டுங்க, மேல நின்னா முதுகுல எடுங்க. கீழ் ஸி கேக்கவே இல்லைன்னா முதுகு கனம், மேல் ஸி கேக்கலைன்னா நுனி கனம். மெதுவா ஆரம்பிக்கும்போது ஸ்வரம் ஒத்துக்காம முரண்டு பிடிச்சா நுனியோட ரெண்டு ஓரத்தையும் விளக்குல பிடிச்சுப் பாருங்க, பெரும்பாலும் ஒரு ஓரம் மட்டும் இருட்டா இருக்கும். வாய் ரொம்ப மூடிக்கிட்டா மாண்ட்ரலைச் செருகிட்டு வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு நூலுக்கு மேல ரெண்டு பக்கவாட்டுலயும் மெதுவா அமுக்கிப் பிடிங்க, கத்தியைத் தொடறதுக்கு முன்னாடி. இதெல்லாம் கைக்கு வந்தப்புறம் ப்ளாங்க் வாங்கிச் சுரண்டுங்க, நூல் கட்டறது அதுக்கும் அப்புறம், ஆசை இருந்தா. கௌஜர் மெஷின் பத்தி என்கிட்ட கேக்காதீங்க.

என் டீச்சர்கிட்ட இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கல. நூல் கட்டத் தெரியாதவன் ஒழுகற ரீட்டைச் சுரண்டிக்கிட்டே உக்காந்திருப்பான், எங்க கோளாறுன்னே தெரியாதுங்கறார். அதுலயும் நியாயம் இருக்கறதால, இப்ப கடையில வாங்கின ரீட்டை முதல்ல விரலால அடைச்சு ஊதிப் பாத்துட்டு அப்புறம் கத்தியை எடுங்கன்னு சேத்துச் சொல்றேன்.